அலரும் கொளுவும்: காவிரிச் செய்திகளை முன்வைத்துச் சமூக ஊடகம் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

அகப்பாடல் ஒன்றைக் கையிலெடுக்கும் தமிழ் மாணவன் முதலில் கேட்கும் வினா, 'இது யார் கூற்று?' என்பது. தலைவி கூற்றா, தோழி கூற்றா, கண்டோர் கூற்றா என்று துணிந்த பின்னரே பொருளுக்குள் நுழைகிறான். கூற்றுக்குரியோர் மாறினால் பாடலின் பொருளும் மாறும் என்பதை நம் உரையாசிரியர்கள் ஒரே பாடலுக்கு இருவேறு துறை கொண்டு காட்டியுள்ளனர். இத்துணை நுட்பமான வாசிப்பு மரபை உடைய ஒரு சமூகம், கைப்பேசியில் வந்து விழும் அரசியல் செய்தியை வாசிக்கும்போது அம்முதல் வினாவைக் கேளாமல் விட்டுவிடுகிறது. செய்தியும் ஒரு கூற்றே. அதற்கும் கூறுவோர், கேட்போர், களம், காலம், பயன் ஆகியன உண்டு.

சமூக ஊடகம் அரசியல் செய்தி குறித்த பொதுமக்கள் கருத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்னும் பொருளை இதழியல் துறையினரும் சமூகவியல் துறையினரும் பலவாறு ஆராய்ந்துள்ளனர். தமிழ் இலக்கியத் திறனாய்வின் கருவிகளைக் கொண்டு அதனை அணுகும் முயற்சிகள் குறைவு. அலர், துறை, திணை, கொளு, பாடவேறுபாடு, அகச்சான்று, ஒற்று ஆகிய நம் மரபின் கருத்தாக்கங்கள் இப்பொருளை விளக்கப் பயன்படுமா என்பதைக் காவிரிச் சிக்கலை ஒட்டி எழுந்த செய்திகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. மைசூரில் வாழ்ந்து தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இது ஏட்டளவில் நிற்கும் பொருளன்று. ஒரே நாளில் ஒரே அணையைப் பற்றி இரு மொழிகளில் இருவேறு செய்திகளைப் படிக்க நேரும் நிலை அவர்களுடையது. அவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு சில வேளைகளில் உயிர்க்கும் உடைமைக்கும் இடரான தொலைவாகவும் ஆகியுள்ளது.

அம்பலும் அலரும்

சமூக ஊடகச் செய்தியை 'வதந்தி' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது இன்று பெருவழக்கு. வதந்தி என்ற சொல்லில் பொய் என்னும் பொருள் முன்கூட்டியே ஏறிவிடுகிறது. அகமரபின் 'அலர்' அத்தகையதன்று. அம்பல் என்பது வெளிப்பட மொழியாது முகிழ்த்த நிலையில் நிற்கும் பேச்சு என்றும், அலர் என்பது இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையே இது நிகழ்ந்தது என விளங்க மொழியப்படும் பேச்சு என்றும் இறையனார் களவியல் உரை வேறுபடுத்தும். ஒன்று அரும்பு, மற்றொன்று மலர்.

இங்கு நாம் போதிய அளவு கருதாத செய்தி ஒன்று உண்டு. அகப்பாடல்களில் ஊரார் தூற்றும் அலர் பெரும்பாலும் மெய்யான ஒன்றைப் பற்றியது. களவொழுக்கம் உண்மையில் நிகழ்கிறது. ஊர் அதனை அறிந்து பேசுகிறது. தலைவியை வருத்துவது அப்பேச்சின் பொய்ம்மையன்று, அதன் பெருக்கம். சிறிதொன்று நிகழ ஊர் முழுதும் அதனையே பேசுகிறது என்பதே அவளது முறையீடு. திருக்குறளின் 'அலரறிவுறுத்தல்' அதிகாரமும் அலரின் வளர்ச்சியையே மிகுதியும் பேசுகிறது. ஊரார் பேச்சு எருவாகவும் அன்னையின் கடுஞ்சொல் நீராகவும் அமைய இந்நோய் வளர்கிறது என்னும் கருத்து அங்கு இடம்பெறுகிறது. அடக்க முற்படும் சொல்லும் வளர்ச்சிக்கே துணைபோகிறது என்பது இதனால் பெறப்படும்.

ஆகவே செய்தியை மெய், பொய் என்னும் இரண்டே பெட்டிகளில் இட்டுப் பார்ப்போர் காணத் தவறுகின்ற மூன்றாவது வகை ஒன்றை அலர் என்னும் கருத்தாக்கம் நமக்குக் காட்டுகிறது. அது மெய்யாகவே நிகழ்ந்து, அளவு கடந்து பெருகியதாலேயே தீங்கு விளைக்கும் செய்தி. 2016ஆம் ஆண்டுக் காவிரிக் கலவரத்தை விளங்கிக்கொள்ள இவ்வகைப்பாடு இன்றியமையாதது.

ஒலிநாடாவிலிருந்து ஒளிக்காட்சி வரை

காவிரி நடுவர் மன்றம் 1990ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டிற்கு ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. நீர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்னும் அதன் இடைக்கால ஆணை 1991 சூன் 25இல் வெளிவந்தது. நடுவணரசு அவ்வாணையை அரசிதழில் வெளியிட்டதைத் தொடர்ந்து அவ்வாண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்க்கு எதிரான வன்முறை மூண்டது. உயிரிழப்பு நேர்ந்தது, பல்லாயிரவர் தமிழ்நாட்டிற்குப் பெயர்ந்தனர். அன்று கைப்பேசி இல்லை. செய்தித்தாளும் வானொலியும் அரசுத் தொலைக்காட்சியும் வாய்மொழியுமே செய்தி பரப்பின. ஆதலின் இத்தகைய வன்முறைக்குச் சமூக ஊடகமே தோற்றுவாய் எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இரண்டாவது சான்று 2000ஆம் ஆண்டிற்குரியது. கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் அவ்வாண்டு சூலை 30ஆம் நாள் காஜனூரில் கடத்திச் சென்றான். 108 நாள்கள் கழித்து நவம்பர் 15இல் அவர் விடுவிக்கப்பட்டார். இரு மாநிலங்களும் பதற்றத்தில் உறைந்திருந்த அந்நாள்களில் காட்டிலிருந்து செய்திகள் ஒலிநாடாக்களாக வந்தன. நாடாவில் பதிவாகியிருந்த குரல் யாருடையது, அதனைக் கொண்டுவந்தவர் யார், எந்த அரசிடம் ஒப்படைக்கப்பட்டது என்பன எல்லாம் நாடறிந்தவை. தூதராகச் சென்ற 'நக்கீரன்' ஆசிரியர் கோபாலின் பெயரும் முகமும் மக்கள் அறிந்தனவாயிருந்தன. செய்தி கடுமையானதாக இருந்தும், கூற்றுக்குரியோரும் கொணர்ந்தோரும் தெளிவாயிருந்தமையால் அதனை எடைபோட இயன்றது.

மூன்றாவது 2016. செப்டம்பர் 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம், விநாடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாள்களுக்கு நீர் திறக்குமாறு கர்நாடகத்திற்கு ஆணையிட்டது. கட்டணமற்ற இணையத் தரவுடன் ஜியோ நிறுவனம் தன் வணிகச் சேவையைத் தொடங்கியதும் அதே நாளில்தான். இஃது தற்செயலான உடனிகழ்வே. எனினும் ஒளிக்காட்சியைப் பிறர்க்கு அனுப்புவதற்கான செலவு எளிய மக்கட்கும் பொருட்டன்று என்றாகிய காலத்தின் வாயிலில் இச்சிக்கல் மீண்டும் எழுந்தது என்பது கருதத்தக்கது.

அடுத்த சில நாள்களில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்துப் பரவின. கன்னட நடிகர்களைக் கேலிசெய்து முகநூலில் பதிவிட்டார் என்பதற்காகத் தமிழ் மாணவர் ஒருவரைப் பெங்களூரில் ஒரு குழுவினர் அடித்து மன்னிப்புக் கேட்கவைத்தனர். அதனைத் தாமே படம்பிடித்தும் வெளியிட்டனர். செப்டம்பர் 12ஆம் நாள் விடியலில் சென்னையில் கர்நாடகத்தவர் நடத்தும் உணவகம் ஒன்று தாக்கப்பட்டது. அதே நாளில், இராமேசுவரத்திற்கு வந்த கர்நாடக ஓட்டுநர் ஒருவரை அறைந்து, காவிரி தமிழ்நாட்டிற்கே உரியது எனச் சொல்லவைக்கும் காட்சி பரவியது. அன்று பிற்பகல் பெங்களூர் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தேடித் தாக்கப்பட்டன. தனியார் நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் ஒரே நிறுத்துமிடத்தில் வரிசையாக எரிந்தன. நகரின் பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. இருவர் உயிரிழந்தனர், அவருள் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்.

துறை திணையாதல்

மேற்கண்ட காட்சிகளுள் எதுவும் புனையப்பட்டதன்று. மாணவர் அடிக்கப்பட்டது மெய். ஓட்டுநர் அறையப்பட்டதும் மெய். ஆயின் இவற்றைக் கண்டோர் கொண்ட முடிவு எங்கே பிறழ்ந்தது? இவ்விடத்தில் புறத்திணை இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது.

திணை என்பது பேரொழுக்கம். துறை என்பது அதனுள் அமையும் குறிப்பிட்ட நிகழ்ச்சி. ஆநிரை கவர்தலை ஒட்டிய நிகழ்ச்சிகள் வெட்சித் திணையின் துறைகள். இரு வேந்தரும் ஒரு களம் குறித்துப் பொரும் நிகழ்ச்சிகள் தும்பைக்குரியன. துறை எதுவெனத் தெளியாமல் திணையைத் துணியலாகாது என்பது மரபு. நால்வர் ஒருவரைத் தெருவில் அடிப்பது, சட்டப்படி தண்டிக்கத்தக்க ஒரு தனி நிகழ்ச்சி. அதாவது ஒரு துறை. அதனைக் கண்ட பல இலட்சம் பேர் 'இரு மக்களுக்கிடையே போர்' என்னும் திணையை அதிலிருந்து வருவித்துக்கொண்டனர். ஒரு துறை திணையின் இடத்தைப் பற்றிக்கொண்டது. பெங்களூரில் அறைந்தவன் கர்நாடகமாகவும் இராமேசுவரத்தில் அறைந்தவன் தமிழ்நாடாகவும் ஆயினர்.

இம்மாற்றத்திற்கு மொழியே இடம் வைத்திருந்தது. 'ஊர் சிரித்தது' என்பதில் ஊர் அங்கு வாழ்வோரைக் குறிப்பதை இடவாகுபெயர் என்கிறோம். 'கர்நாடகம் மறுப்பு', 'தமிழகம் கொந்தளிப்பு' என்பன போன்ற தலைப்புகளும் அவ்வகையினவே. மறுத்தது ஓர் அமைச்சரவை. கொந்தளித்தது சில இடங்களில் கூடிய மக்கள். ஆகுபெயர் இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. அரசு, மக்கள், மொழி, நிலம் ஆகிய நான்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இப்பழக்கத்தை நெடுங்காலமாக வளர்த்தவை அச்சிதழ்களே. அவை விதைத்த ஆகுபெயருக்குச் சமூக ஊடகம் ஒரு முகத்தைத் தந்தது. அச்சில் 'கர்நாடகம்' என்னும் சொல்லைப் படித்தவன் இப்போது ஒரு கன்னத்தில் விழும் அறையைக் காண்கிறான். மேலும், தலைப்பின் ஆகுபெயரைக் கீழே உள்ள செய்தி ஓரளவேனும் விரித்துத் திருத்தும். ஒளிக்காட்சிக்குக் கீழே அத்தகைய விரிவு இல்லை.

அறைந்தவனே படம்பிடித்தான் என்பதும் இங்குச் சிந்திக்கத்தக்கது. அச்செயலுக்கு அடிபடுபவன் மட்டும் இலக்கல்லன். காணப்போகும் கூட்டமே முதன்மை இலக்கு. செய்தியாளன் நிகழ்ச்சியைத் தேடிச் சென்ற நிலை மாறி, செய்தியாவதற்கென்றே நிகழ்ச்சி நிகழ்த்தப்படும் நிலை ஏற்பட்டது. இங்குக் கூற்றுக்குரியோன் குற்றம் செய்தவனே. அவன் கூற்றை அவன் விரும்பிய வண்ணமே பிறர்க்கு அனுப்பியோர், அவனைக் கண்டிக்கும் நோக்குடையோராயினும், அவனுக்குத் தூதராயினர்.

எண்ணும் அலகும்

காட்சியை அடுத்துப் பொதுக்கருத்தை உருவாக்குவது எண். காவிரிச் செய்திகளில் மூன்று அலகுகள் வழங்குகின்றன. அணையின் நீர்மட்டம் அடியிலும், திறக்கப்படும் நீர் கனஅடியிலும், பங்கீடு டி.எம்.சி.யிலும் குறிக்கப்படும். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள்களை அளப்பன. விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. ஆகும். இக்கணக்கின்படி, 15,000 கனஅடி வீதம் பத்து நாள் என்பது ஏறத்தாழ 13 டி.எம்.சி. 'பதினைந்தாயிரம்' என்னும் எண் செவியில் விழும்போது எழும் உணர்ச்சியும், நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் குறித்த 192 டி.எம்.சி.யில் 13 என்பது எத்துணைப் பங்கு என்று எண்ணும்போது எழும் அறிவும் ஒன்றல்ல.

நீர்மட்டச் செய்தியும் இத்தகையதே. கிருஷ்ணராஜசாகர் அணையின் முழு உயரம் 124.80 அடி, மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. எண்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கொள்ளளவோ முன்னதற்கு ஏறத்தாழ 49.45 டி.எம்.சி.; பின்னதற்கு 93.47 டி.எம்.சி. ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு. 'அங்கே நூறு அடி, இங்கே அறுபது அடி' என்று இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டும் பதிவில் பொய் ஏதும் இல்லாமலே பொய்யான தோற்றம் பிறந்துவிடும்.

2016 செப்டம்பர் 12ஆம் நாள் ஆணை இதற்குச் சிறந்த சான்று. உச்ச நீதிமன்றம் அன்று நாளளவை 15,000 கனஅடியிலிருந்து 12,000 கனஅடியாகக் குறைத்தது; காலத்தைச் செப்டம்பர் 20 வரை நீட்டியது. நாளளவு குறைந்தது, நாள்கள் கூடின, எனவே திறக்கவேண்டிய மொத்த நீர் முந்தைய ஆணையின்படி எஞ்சியிருந்ததைவிட மிகுந்தது. ஆகவே 'குறைத்தது' என்பதும் மெய், 'கூட்டியது' என்பதும் மெய். இரண்டையும் சேர்த்துச் சொல்ல இரண்டு தொடர்களாவது வேண்டும். கைப்பேசித் திரையில் மின்னி மறையும் ஒருவரிச் செய்தி இரண்டனுள் ஒன்றை மட்டுமே ஏற்கும். எதனை ஏற்கும் என்பதைப் பெறுவோனின் மொழியும் மனநிலையும் முடிவு செய்யும். சுருக்கம் நடுநிலையானது என்னும் நம்பிக்கை இவ்விடத்தில் தகர்கிறது.

கொளு மாறிய பனுவல்

இதுவரை கண்டவை மெய்யான செய்திகள் அளவிறந்து பெருகியதால் விளைந்தவை. இனி, இடமும் காலமும் மாற்றப்பட்ட செய்திகள். புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் ஆகியவற்றைக் குறிக்கும் கொளு அமைந்துள்ளது. 1894ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இக்குறிப்புகளையும் சுவடிகளில் கண்டவாறு பேணிக் கொடுத்தார். சிதைந்த சுவடிகளால் சில பாடல்கள் கொளுவை இழந்து நிற்கின்றன. அவ்வாறு நிற்கும் பாடலில் வீரம் புலப்படும். எவனது வீரம், எக்களத்தில், யாருக்கு எதிராக என்பன புலப்படா. ஒரு பாடலுக்குப் பொருத்தமற்ற கொளு அமைந்துவிட்டால் நிலைமை அதனினும் சிக்கலாகும். ஆய்வாளர் அப்போது பாடலின் அகச்சான்றையும் பிற நூல்களின் புறச்சான்றையும் கொண்டு கொளுவைச் சோதிப்பர்.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகக் கூறும் காட்சிகள் வடமாநிலங்களில் பரவின. அவற்றுள் இரண்டினைக் குறித்துத் தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் விளக்கம் அளித்தார். ஒன்று புலம்பெயர் தொழிலாளர் தம்முள் மோதிக்கொண்ட நிகழ்ச்சி. மற்றொன்று உள்ளூரார் இருவரிடையே நிகழ்ந்த மோதல். காட்சி மெய், அடித்ததும் மெய். பாடியோரும் பாடப்பட்டோரும் மாற்றப்பட்டிருந்தனர். அச்செய்தி பீகார்ச் சட்டமன்றத்தில் எழுப்பப்பட்டது. அம்மாநில அரசு அலுவலர் குழு ஒன்றைத் தமிழ்நாட்டிற்கு அனுப்பியது. அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்பத் தொடர்வண்டி நிலையங்களில் திரண்டனர். 2012 ஆகத்து நடுவில் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் குவாகாத்தி செல்லும் வண்டிகளில் ஏறியதை இது நினைவூட்டுகிறது. அன்று குறுஞ்செய்தி செய்ததை இன்று ஒளிக்காட்சி செய்தது. 1991இல் அஞ்சி ஓடிய இனத்தவர் நாம். 2023இல் நம் மண்ணிலிருந்து பிறர் அஞ்சி ஓடினர். இவ்விரண்டையும் ஒருசேர நோக்கும் கடப்பாடு தமிழ் ஆய்வாளர்க்கு உண்டு.

மைசூருக்கும் இப்பொருளுக்கும் நெருங்கிய தொடர்பு உள்ளது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1960களில் உதகையிலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் நெடுங்காலம் இந்நகரில் இருந்தன. மைப்படி என்பதும் படியே. மூலம் ஏதோ ஒரு கோயிற் சுவரில் உள்ளது. ஆயினும் அப்படியை நம்பி வரலாறு எழுதுகிறோம். ஊர், கோயில், சுவரின் பக்கம், படியெடுத்த ஆண்டு, பதிவெண் ஆகியன அதனோடு பிணைக்கப்பட்டிருப்பதே அந்நம்பிக்கைக்குக் காரணம். ஐயம் எழுந்தால் சுவரிடம் திரும்பிச் செல்லலாம். படி என்பதனால் ஒன்று இழிந்ததாகிவிடாது. மூலத்திற்குத் திரும்பும் வழி அடைபட்டால்தான் அது நம்பத்தகாததாகிறது. வாட்ஸ்அப் 2018ஆம் ஆண்டு முதல் 'அனுப்பப்பட்டது' என்னும் குறியை இடுகிறது. இது படி என்று அக்குறி சொல்கிறது. எதன் படி என்று சொல்வதில்லை. பாதிக் கொளு எனலாம்.

ஒற்றும் மூவரும்

கொளுவைச் சோதிப்பது எப்படி? பொருட்பாலின் 'ஒற்றாடல்' அதிகாரம் இதற்கு வழி கூறுகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளவேண்டும். அவ்வாறு மூவர் சொல் ஒத்தவிடத்துத் தெளியலாம் என்பது வள்ளுவர் கருத்து. கௌடிலியரின் அருத்தசாத்திரமும் இக்கருத்தைக் கூறும். அந்நூலின் சுவடி மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் கண்டறியப்பட்டு 1909ஆம் ஆண்டு சாமசாத்திரியாரால் அச்சேறியது என்பது இந்நகரத்தார் அறிந்ததே.

இவ்விலக்கணத்தில் பலரும் கருதுவது மூன்று என்னும் எண்ணை. உயிர்நாடி அதுவன்று, ஒற்றர் ஒருவரையொருவர் அறியாமை. ஒரே வாயிலிருந்து கேட்ட மூவர் வந்து சொன்னால் அது மூன்று சான்றாகாது; ஒரு சான்றின் மூன்று எதிரொலி. சமூக ஊடகம் நம் அறிவை மயக்குவது இம்முனையில்தான். உறவினர் குழு, பள்ளித் தோழர் குழு, குடியிருப்புக் குழு ஆகிய மூன்றிலிருந்தும் ஒரே காட்சி வந்து சேரும்போது 'மூவர் சொல் ஒத்தது' என மனம் தெளிந்துவிடுகிறது. சுவடியியலாளர் இப்பிழையை அறிவர். ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட பத்துச் சுவடிகள் ஒரு பாடத்தை ஒருமித்துத் தந்தாலும் பதிப்பாசிரியர் அவற்றை ஒரே சுவடியாகவே கொள்வார். கால்வழி வேறான தனிச்சுவடி ஒன்றன் பாடத்திற்கு அவர் தரும் மதிப்பு அதனினும் மிகுதி. எண்ணிக்கையைக் காட்டிலும் கால்வழியே சான்றின் அளவுகோல்.

அவ்வாறாயின் அரசே மெய் எது, பொய் எது என அறிவித்துவிட்டால் சிக்கல் தீராதோ எனில், தீராது. தன் பணிகள் குறித்த செய்திகளுள் பொய்யானவற்றை அடையாளங்காட்டத் தானே ஓர் அமைப்பை நிறுவ இடந்தரும் விதியை நடுவணரசு 2023இல் கொணர்ந்தது; பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அவ்விதியைச் செல்லாததாக்கியது. காவிரிச் சிக்கலில் இந்நெறி மேலும் தெளிவாகும். இரு மாநில அரசுகளும் வழக்கின் இரு தரப்பினர். நீர்வரத்து, இருப்பு, திறப்பு ஆகியன பற்றி ஒரு தரப்பு கூறுவதை மறு தரப்பு மறுக்கும் வழக்கில், தரப்பினர் ஒருவரையே தீர்ப்பாளராக ஏற்பது ஒற்றாடல் நெறிக்குப் பொருந்தாது. அரசின் விளக்கமும் ஓர் ஒற்றே. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காவல்துறையின் மறுப்பு நிலைபெற்றதற்கு, பீகாரிலிருந்து வந்த குழுவும் தனிப்பட்ட செய்திச் சரிபார்ப்போரும் தத்தம் வழியில் ஆராய்ந்ததும் துணைநின்றது. கால்வழி வேறான சான்றுகள் அங்கு ஒத்தன.

சரிபார்ப்புக்கும் எல்லை உண்டு. கொளு மாறிய பனுவலை அது திருத்தும், 2023இல் திருத்தியது. துறை திணையான இடத்தில் அது செயலற்றுவிடும். இராமேசுவரக் காட்சியைச் சரிபார்த்தோர் 'இது மெய்' என்றுதான் சான்றளித்திருப்பர். அச்சான்று பெங்களூரின் தீயைத் தணித்திராது. மெய்யான செய்தியை எந்த அளவில் வைத்து வாசிப்பது என்பது சரிபார்ப்போர் கையில் இல்லை. வாசிப்போர் கையில்தான் உள்ளது.

மறுதலை

சமூக ஊடகத்தின் ஒருபுறத்தை மட்டும் கூறுவது திறனாய்வாகாது. 2018 ஏப்பிரலில் நடிகர் சிலம்பரசன், கர்நாடகத்தார் தமிழர்க்கு ஒரு குவளை நீர் தந்து தம் அன்பைப் புலப்படுத்துமாறு வேண்டியபோது கன்னடர் பலர் அவ்வாறே நீர் தரும் காட்சிகளைப் படம்பிடித்துப் பரப்பினர். 2023 செப்டம்பர் 28ஆம் நாள் பெங்களூரில் நடிகர் சித்தார்த்தின் செய்தியாளர் சந்திப்பைக் காவிரிப் போராட்டக்காரர் இடைமறித்த காட்சி பரவியது. அதற்காக வருத்தம் தெரிவித்த பிரகாஷ்ராஜ், சிவராஜ்குமார் ஆகியோரின் சொற்களும் அதே வழியில் பரவின. 2016இல் உயிர்ப்பலி கண்ட நகரம் 2023இல் முழுஅடைப்போடு அடங்கியது. இதற்கு 2018 பிப்பிரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், அதன்வழி அவ்வாண்டு அமைந்த மேலாண்மை ஆணையமும், காவல்துறையின் முன்னேற்பாடும் எனப் பல காரணங்களைக் காட்டலாம். பகையைப் பரப்பும் வழியாகவே சமூக ஊடகம் அமைந்தாக வேண்டும் என்னும் விதி இல்லை என்பதற்கும் இந்நிகழ்ச்சிகள் சான்றாகும்.

எனினும் இந்நற்காட்சிகளையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும். ஒரு குவளை நீரும் ஒரு துறையே. அதனைக் கொண்டு இரு மக்களிடையே பிணக்கே இல்லை என முடிவு கட்டுவதும் துறையைத் திணையாக்கும் பிழையேயாம். டெல்டா உழவரின் குறுவையும் மண்டியா உழவரின் கரும்பும் ஒரே ஆற்றை நம்பியிருப்பது அன்பால் மட்டும் தீரும் சிக்கலன்று.

முடிவுரை

அரசியல் செய்தி குறித்த பொதுக்கருத்தைச் சமூக ஊடகம் மூன்று வழிகளில் மாற்றியமைக்கிறது என்பது இவ்வாய்வால் பெறப்படும். தனி நிகழ்ச்சியை ஒரு மக்களின் பேரொழுக்கமாக உயர்த்துதல் முதலாவது. எண்ணை அதன் அலகிலிருந்தும் காலத்திலிருந்தும் பிரித்துக் காட்டுதல் இரண்டாவது. காட்சியின் இடம், காலம், மாந்தர் ஆகியவற்றை மாற்றி வழங்குதல் மூன்றாவது. மூன்றாவதனைச் சரிபார்ப்பும் சட்டமும் ஓரளவு தடுக்கும். முதலிரண்டையும் தடுக்கக்கூடியது வாசிப்புப் பயிற்சி ஒன்றே.

அப்பயிற்சி தமிழ்த்துறைகளுக்குப் புதிதன்று. கூற்று யாருடையது, துறை எது, கொளு பொருந்துமா, பாடங்களின் கால்வழி என்ன, அகச்சான்று யாது என்னும் வினாக்களை நாள்தோறும் வகுப்பறையில் எழுப்புகிறோம். அவ்வினாக்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்களுக்கு மட்டுமே உரியன என்று மாணவர் எண்ணி வெளியேறுவாராயின் நம் கற்பித்தல் பாதியில் நின்றதாகும். பாடத்திட்டத்தில் சுவடியியலும் பதிப்பியலும் கற்பிக்கும் துறைகள், ஒரு வாரத்துக் காவிரிச் செய்திகளைத் தமிழிலும் கன்னடத்திலும் திரட்டி, அவற்றின் பாடவேறுபாடுகளையும் கால்வழியையும் குறிக்கும் பயிற்சியை மாணவர்க்கு அளிக்கலாம். இரு மொழிகளும் அறிந்த மாணவர் வாழும் மைசூர் அதற்கு ஏற்ற களம். அடுத்த முறை மழை பொய்க்கும் ஆண்டில் அணைமட்டம் தாழும்போது, திரையில் வரும் முதற்காட்சியைக் கண்டு 'இது யார் கூற்று?' எனக் கேட்கும் சிலரேனும் ஆற்றின் இரு கரையிலும் இருத்தல் வேண்டும்.